யாருக்கு எந்த வேலை?

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் ரயில், பாலராமபுரத்தையும் நெய்யாற்றின்கரையையும் கடந்து பாறசாலையை அடையும்போது கேரளத்தின் கடைசி நிலையத்தை அடைந்துவிடுகிறது. அதற்கு அப்பால் வரும் குழித்துறை தமிழ்நாட்டுக்குரியது. சாலை வழியே வருபவருக்கோ களியக்காவிளைச் சந்தையின் இரைச்சலே எல்லை வந்துவிட்டதென்று அறிவிக்கும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி ராஜ்யங்கள் அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் என்னும் நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கத்தினர் அவற்றோடு சேர்த்துக் கேட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. ராஜ்யங்கள் பிரிந்தனவே ஒழிய, தமிழையும் மலையாளத்தையும் ஒரே மூச்சில் கலந்து பேசி, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒரே சந்தையில் மீனும் மரச்சீனிக் கிழங்கும் வாங்கிவரும் இந்த ஜனங்களின் ஜீவனம் பிரியவில்லை.

இந்த எல்லைப்புறம், ஆட்களை வெளியூருக்கு அனுப்பும் பூமியாகவும் வெளியூராரை வரவழைக்கும் பூமியாகவும் ஒரே காலத்தில் இருந்துவருகிறது. விடியற்காலையில் பஸ் நிறுத்தத்தில் சற்று நேரம் நின்றாலே இது விளங்கும். கரண்டியும் மட்டக்கோலும் தூக்குக்குண்டும் அடங்கிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திருவனந்தபுரம் பக்கம் போகும் விளவங்கோட்டுக் கொத்தனார்கள் ஒருபுறம். மத்தியானச் சோற்றைத் தூக்குப்பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, இப்பக்கத்தார் ‘அண்டி ஆபீஸ்’ என்று சொல்லும் முந்திரித் தொழிற்சாலைக்கு விரையும் பெண்கள் ஒருபுறம். வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஓர் அறையில் பலராய்த் தங்கி, ஜல்லி சுமக்கவும் சிமெண்ட் குழைக்கவும் காத்துநிற்கும் வாலிபர்கள் மற்றொருபுறம். இவர்களைக் கடந்து விமான நிலையத்துக்கு விரையும் வாடகைக் காரில், மஸ்கத்துக்கோ குவைத்துக்கோ புறப்பட்ட ஒரு நர்ஸோ, வீட்டு வேலைக்குப் போகும் ஒரு தாயோ அமர்ந்திருக்கலாம்.

பிழைப்புக்காக இருந்த இடம் விட்டுப் போகிறவர்கள் என்ற அளவில் இவர்கள் அனைவரும் ஒரே கூட்டத்தினர்; ஆனால் போகும் இடத்தில் கிடைக்கும் கூலியும் கௌரவமும் பாதுகாப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. இனம், பால், வர்க்கம் ஆகிய மூன்றுமே இந்த வேற்றுமைக்குக் காரணம் என்று சமூக சாஸ்திரிகள் கூறுவார்கள். இனம் என்ற இடத்தில் ஜாதியையும் பாஷையையும் சேர்த்து வாசித்துக்கொண்டால் அந்தக் கூற்று நமக்கும் முற்றிலும் பொருந்தும். ஆனால் இம்மூன்றும் கூலியைக் குறைப்பதோடு நின்றுவிடுவதாக எண்ணுவது பிழை. கூலி பேசும் வேளைக்கு வெகு முன்னதாகவே அவை வந்து, இன்னாருக்கு இன்ன வேலை என்று பங்கிட்டு முடித்துவிடுகின்றன. பங்கீடு முடிந்தபின், ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு விலை இருப்பது இயற்கையின் நியதி போலத் தோன்றுகிறது. சட்டமும் அந்த விலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. இந்த உண்மையைப் பாறசாலைக்கும் பாலராமபுரத்துக்கும் இடைப்பட்ட சில மைல் தூரத்திலேயே இருநூறு வருஷச் சரித்திரத்தோடு கண்டுகொள்ளலாம்.

முதலில் பாலராமபுரத்தைப் பார்ப்போம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், அரண்மனைக்கு மெல்லிய ஆடை நெய்வதற்கென்று தமிழ் பேசும் சாலியர் குடும்பங்கள் தெற்கேயிருந்து வரவழைக்கப்பட்டன. கைத்தொழில் தெரிந்து, ராஜாவின் அழைப்பின் பேரில் வந்தவர்களாதலால், அவர்களுக்கு வீடும் கோயிலும் தெருக்களும் கிடைத்தன. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புத்தன் தெரு என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. வந்தேறிகளாயினும் அவர்களை யாரும் கூலிகள் என்று சொன்னதில்லை. குழித்தறியில் அவர்கள் நெய்த கசவு வேஷ்டிக்கும் புடவைக்கும் பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனினும் அந்தத் தெருவுக்குள்ளேயே வேறொரு பங்கீடு நடந்துவந்தது. தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டிக் கஞ்சி தோய்ப்பதிலும், ராட்டையில் நூல் சுற்றித் தார் தயாரிப்பதிலும் வீட்டுப் பெண்களின் நாள் முழுதும் செலவாகும். ஆனால் தறியில் உட்காருகிறவனே நெசவாளி, மற்றவர்கள் செய்வது ஒத்தாசை என்பதே வழக்கம். ஒத்தாசைக்குத் தனிக் கூலி ஏது?

பாறசாலையின் கதை வேறு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் மிஷன் சங்கத்தார் இங்கே ஒரு நிலையம் அமைத்து ஊழியம் செய்தபோது அவர்களைச் சூழ்ந்திருந்தவர்கள், பனையேறுவதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட நாடார்களும், வயலோடு சேர்த்து விற்கப்பட்ட புலையர், சாம்பவர் குடும்பங்களுமாவர். ஆண் பனையேறி அக்கானி இறக்குவான். பெண் அடுப்பெதிரே வெந்து கருப்பட்டி காய்ச்சுவாள். வரிகள் இருவரையும் வாட்டும். வேலையைப் போலவே ஆடையும் இன்னாருக்கு இன்னது என்று வகுக்கப்பட்டிருந்தது. மேலாடை அணியும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் பல பத்தாண்டுகள் அடியும் அவமானமும் பட்டபின், 1859 ஜூலை 26-ஆம் தேதி வெளிவந்த ராஜ விளம்பரம் நாடார்ப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. அப்போதும் உயர்ந்த ஜாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற நிபந்தனை கூடவே வந்தது. அடிமை முறை 1855-இல் சட்டப்படி ஒழிந்திருந்தாலும், அடிமையாயிருந்தவர் செய்த வேலை மாறவில்லை.

அந்த வேலையை மாற்றிக்கொள்ளக் கிடைத்த வழிகள் இரண்டு. ஒன்று நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1821-இல் தொடங்கிய லேஸ் பின்னும் பள்ளி: துரைசானிகளின் ஆடைகளுக்கு விளிம்பு பின்னிச் சம்பாதித்த காசைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தங்களையே விலைக்கு மீட்டுக்கொண்டதாக மிஷன் சரித்திரங்கள் குறிப்பிடுகின்றன. மற்றொன்று இலங்கையின் காப்பித் தோட்டம். தூத்துக்குடி சென்று கப்பலேறி மலைநாட்டுக்குப் போனவனுக்கு நிலக்கிழாரின் வயலும் பனையும் பின்தங்கிப் போயின. சேர்த்த பணத்தோடு திரும்பி ஒரு துண்டு நிலம் வாங்கியவன் முன்போல் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் மலையிலும் பங்கீடு காத்துக்கொண்டிருந்தது. வெள்ளைத் துரையின் கணக்கில் தமிழர் யாவரும் கூலிகளே. அந்தக் கூலிகளுக்குள் ஆளைச் சேர்த்துக் கடனைக் கையில் வைத்திருக்கும் கங்காணி ஓர் ஆண். பழமும் பின்னாளில் தேயிலைக் கொழுந்தும் பறிக்கும் விரல்கள் பெண்களுடையவை. பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியிலும் குறைவு. அந்தக் குறைந்த தொகையையும் கணவன் கையில் கொடுத்துவிடும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுநாள் நீடித்தது.

இலங்கை தூரம். வேலை எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதைக் கண்ணெதிரே காண விரும்புகிறவர் அண்டி ஆபீசுக்குள் நுழைந்து பார்க்கலாம். பழைய முறையில் நடக்கும் ஆலைகளில் கொட்டையை வறுக்கிறவர்கள் ஆண்கள், அவர்களுக்கு நாட்கூலி. வறுத்த கொட்டையை ஒவ்வொன்றாகக் கல்லின் மேல் நிறுத்தி, சிறு கட்டையால் தட்டி, உள்ளே இருக்கும் பருப்பு முறியாமல் ஓட்டைப் பிரிக்கிறவர்கள் பெண்கள். அவர்களுக்கு எடைக் கூலி. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும் தன்மையது. ஆகையால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, நாள் முழுதும் தரையில் குந்தி உட்கார்ந்து தட்ட வேண்டும். அடி சற்று மெதுவாக விழுந்தால் ஓடு பிளக்காது, சற்று ஓங்கி விழுந்தால் பருப்பு இரண்டாகிவிடும். முழுப் பருப்புக்கே நல்ல விலையாதலால் உடைந்ததன் நஷ்டம் அவள் தலையில் விழும். அடுத்த பகுதியில் சுத்தமான மேஜையருகே தோல் உரித்து, பவுண்டுக்கு ஏறக்குறைய 320 பருப்பு நிற்பதை ‘டபிள்யூ 320’ என்றும், அதனினும் பெரியதை ‘டபிள்யூ 180’ என்றும் தரம் பிரிப்பவர்களும் பெண்களே. ஆனால் எந்தப் பெண் எந்தப் பகுதியில்? கேரளத்து முந்திரித் தொழிலாளரின் எழுபதாண்டு வரலாற்றை ஆராய்ந்து ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் அன்னா லிண்ட்பெர்க் 2001-இல் வெளியிட்ட நூல், கை கறுக்கும் உடைப்புப் பகுதியில் புலையர் முதலிய ஒடுக்கப்பட்ட ஜாதிப் பெண்களும், கை வெளுப்பாயிருக்கும் உரிப்பு, தரம் பிரிப்புப் பகுதிகளில் அவர்களுக்கு மேற்பட்ட ஜாதிப் பெண்களும் நெடுங்காலம் பெரும்பான்மையாய் இருந்ததை எடுத்துக்காட்டுகிறது.

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி தரவேண்டும் என்று 1976-இல் நம் பார்லிமெண்ட் ஒரு சட்டம் இயற்றியது. நல்ல சட்டந்தான். ஆனால் வறுப்பது ஆணின் வேலை, உடைப்பது பெண்ணின் வேலை என்று முன்பே பிரித்துவிட்ட ஆலையில் அத்தகைய சட்டம் எதை எதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும்? பேதம் கூலிப் பட்டியலில் இல்லை. ஆலையின் சுவர்களிலேயே கட்டப்பட்டிருக்கிறது. இதன் மேல் இன்னொரு விசித்திரமும் உண்டு. கேரளத்தில் சங்கங்கள் போராடிக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியபோது, கொல்லத்து முந்திரி முதலாளிகள் பலர் எல்லைக்கு இப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆலைகளைத் திறந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த கொட்டை மேலும் சில மைல் பிரயாணம் செய்து கூலி குறைந்த கைகளைத் தேடி வந்தது. தொழிலாளி கூலி மிகுந்த இடத்தை நாடி வடக்கே எல்லை தாண்ட, மூலதனம் கூலி குறைந்த இடத்தை நாடித் தெற்கே எல்லை தாண்டியது. கொத்தனாரால் அப்பால் போக முடிந்தது. குழந்தையையும் கிழவியையும் விட்டு நகர முடியாத அவர் மனைவிக்கு வேலை இப்பாலே வந்தது, குறைந்த கூலியோடு.

இனி அரபு நாடுகளின் பக்கம் திரும்புவோம். 2023-ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, அயல்நாடுகளில் வாழும் கேரளத்தார் ஏறக்குறைய 22 லட்சம் பேர் என்றும், 2018-இல் 15.8 சதவீதமாயிருந்த பெண்களின் பங்கு 19.1 சதவீதமாக உயர்ந்திருக்கிறது என்றும் கூறுகிறது. போகும் பெண்களை வேலை கிடைப்பதற்கு முன்பே இரண்டாகப் பிரித்துவிடும் ஒரு வரி பாஸ்போர்ட்டில் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில், குடிபெயர்வு அனுமதி பெறவேண்டியவர் என்னும் பொருள்பட ‘இ.சி.ஆர்.’ என்ற குறிப்பு பதியப்படும். வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர்கள் அரசாங்க அதிகாரியின் சம்மதத்தைப் பெற்றாக வேண்டும். ஒரே கோயிலுக்கோ ஒரே சர்ச்சுக்கோ போய்வரும் இரண்டு பெண்களில், படிக்க வசதியிருந்தவள் நர்ஸாகிறாள். எட்டாம் வகுப்போடு தம்பியைத் தூக்கிக்கொள்ள நின்றுவிட்டவள் இந்தக் குறிப்போடு புறப்படுகிறாள். 2018 ஜனவரியில் இத்தகையோருக்கு ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட் கொடுக்கலாம் என்று வெளிவிவகார அமைச்சகம் அறிவித்தபோது, ஏழைமையைச் சட்டைப் பையில் நிறமாய்ச் சுமக்கச் சொல்வதா என்று கேரளத்திலிருந்து பெருங்கண்டனம் எழுந்தது. அந்த மாதம் முடிவதற்குள் யோசனை கைவிடப்பட்டது. நிறம் போயிற்று, குறிப்பு இருக்கிறது.

அந்தக் குறிப்புள்ள பெண்ணுக்கு மற்றொரு தடையும் உண்டு: 30 வயது நிறையாமல் அவள் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகலாகாது. ஆண்களுக்கு இந்த நியமம் கிடையாது. அவளைத் தீமையிலிருந்து காப்பதே இதன் நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கடனும் பசியும் முப்பது வயது வரை காத்திருப்பதில்லை. நேர்வழி அடைபட்டவள் ஏஜெண்டின் கைக்குப் போகிறாள். அவன் விசிட் விசாவில் துபாய்க்கோ ஷார்ஜாவுக்கோ அனுப்பி அங்கிருந்து வேறு வீட்டுக்கு மாற்றிவிடுகிறான். அப்போது அவள் பெயர் எந்தத் தூதரகப் பதிவேட்டிலும் இராது. 2015-க்குப் பின் இத்தகைய பெண்களை நோர்க்கா, ஒடெபெக் போன்ற அரசுச் சார்பு நிறுவனங்கள் மூலமே சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது உபகாரமே; எனினும் கிராமத்துப் பெண்ணுக்கு அந்த அலுவலகத்தின் வாசலைக் காட்டிலும் ஏஜெண்டின் திண்ணையே கிட்டத்தில் இருக்கிறது.

போன இடத்தில் அவள் செய்யும் தொழிலுக்கு வீடே தொழிற்சாலை. ஆனால் பல தேசங்களின் சட்டம் வீட்டை வேலையிடமாகக் கருதுவதில்லை. எஜமானனின் பொறுப்பில் விசா வைத்திருக்கும் கபாலா முறையில், வேலையை விடுவதென்பது நாட்டில் தங்கும் உரிமையையே விடுவதாகும். சம்பளமும் செய்யும் வேலையைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதில்லை. பிலிப்பைன்ஸ் அரசு தன் பெண்களுக்கு 2006-இலேயே மாதம் 400 டாலர் குறைந்தபட்சச் சம்பளம் வகுத்துப் பேரம் பேசியது. அதே வீட்டில் அதே தரையைத் துடைக்கும் இந்தியப் பெண்ணுக்கும் ஆப்பிரிக்கப் பெண்ணுக்கும் வேறு வேறு விலை. இங்கே இனம் என்பது பாஸ்போர்ட்டின் நிறமும் தோலின் நிறமுமாகச் சேர்ந்து நிற்கிறது. 2021 மார்ச்சில் கத்தார் நாடு, தேசபேதமின்றி வீட்டுப் பணியாளர் உட்பட அனைவருக்கும் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் என்று விதித்தது, இந்த விலைப்பட்டியல் மாற்ற முடியாத விதி அன்று என்பதற்குச் சான்று. அரேபியரை மட்டும் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ளவும் இயலாது. வீட்டுப் பணியாளருக்காகச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2011-இல் நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. இவர்களுக்குத் தனிச்சட்டம் வேண்டுமா என்று ஆராய்ந்து பார்க்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசுக்குச் சொல்லவேண்டியிருந்தது.

வெளியே சென்ற இவர்கள் விட்டுப்போன இடத்தை நிரப்ப வடக்கேயிருந்து வந்தவர்களின் நிலைமை என்ன? கேரளத்தில் 25 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர் இருப்பதாக 2013-இல் குலாட்டி ஆய்வு நிலையம் மதிப்பிட்டது. அவர்கள் வருவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை: ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி 2022–23-இல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 852 ரூபாய், நாடு முழுவதற்குமான சராசரி 393 ரூபாய், மத்தியப் பிரதேசத்தில் 278 ரூபாய். ஆனால் இந்தக் கணக்கு ஆண்களின் கூலியை மட்டும் சொல்வது என்பதைப் பத்திரிகைகளில் இதைப் படித்து வியக்கிறவர்கள் கவனிப்பதில்லை. கட்டடத்தில் மண் சுமக்கும் சித்தாளின் கூலி அந்தப் பெருமையில் சேரவில்லை. கேரள அரசு 2010-இலேயே வெளிமாநிலத் தொழிலாளருக்கென ஒரு நலத்திட்டத்தையும், 2017-இல் ‘ஆவாஸ்’ என்னும் காப்பீட்டையும் ஏற்படுத்தியது. வேறு மாநிலங்கள் பின்பற்றத்தக்க காரியங்கள் இவை. ஆயினும் வீடு கட்டும் வேலை நடக்கும் ஓர் இடத்தில் போய்ப் பாருங்கள். நூல் பிடித்துச் சுவர் எழுப்புகிறவர் உள்ளூர்க்காரர். ‘பாய்’ என்று அழைக்கப்பட்டுக் கலவை சுமக்கிறவன் வங்காளி, அவன் தன் ஊரான மால்டாவில் எத்தனை வருஷம் கொத்துவேலை செய்திருந்தாலும் சரி. திருவனந்தபுரத்தில் தம்மைப் ‘பாண்டி’ என்று இகழ்ந்ததற்காக மனம் நொந்த நம் கொத்தனாரே, தம் கீழ் வேலை செய்யும் வாலிபனின் பெயரை ஒரு முறையும் கேட்டிருக்கமாட்டார். படியில் ஒரு படி ஏறியவருக்குக் கீழே ஒருவன் கிடைத்துவிட்டால் படியின் அநியாயம் மறந்துபோகிறது.

மறவாதவர்களும் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள், 20 சதவீத போனஸும் 232 ரூபாய் நாட்கூலியில் உயர்வும் கேட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் பெற்ற அந்தக் கிளர்ச்சியின் விசேஷம், கொழுந்து பறிப்பது நாங்கள், எங்களுக்காகப் பேரம் பேசுவது மட்டும் ஆண்களா என்று கேட்டு, பெரிய சங்கங்களின் தலைவர்களை விலகி நிற்கச் சொன்னதுதான். போனஸ் கிடைத்தது, கூலி பின்னர் 301 ரூபாயாக உயர்ந்தது. அந்தப் பெண்கள் கம்பெனியின் கணக்கை மட்டுமின்றித் தொழிலாளர் இயக்கத்துக்குள்ளேயே இருந்த வேலைப் பங்கீட்டையும் கேள்வி கேட்டார்கள்.

இதற்கும் நூறாண்டுக்கு முன்பே, நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி இந்தக் கேள்வியின் வேரைத் தொட்டார். 1907-இல் அவர் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசாங்கம் உத்தரவிட்டும் ஊரார் தடுத்தபோது, எங்கள் பிள்ளைகளைப் படிக்க விடாவிட்டால் உங்கள் வயலில் ஏர் இறங்காது என்று வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார். பட்டினி வந்தபோது விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்கள் தங்கள் வள்ளங்களில் இந்த வயல் தொழிலாளிகளுக்கு வேலை கொடுத்தார்கள். வேறு வேலைக்கு ஒரு வழி திறந்திருந்ததனாலேயே அந்த நிறுத்தம் நிலைத்தது. சில ஆண்டுகளில் அவர் பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது பள்ளிக்கூடமே எரிக்கப்பட்டது. இன்று அந்தப் பள்ளி அவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. கூலித் தகராறென்றால் பள்ளிக்கூடத்தை எரிக்கவேண்டிய அவசியமில்லை. அந்தப் பெண் படித்துவிட்டால் வயலுக்கு ஆள் குறையும் என்பதை எரித்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஆகவே, புலம்பெயர்ந்த தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடு என்ற கோரிக்கையோடு வேறு சில கோரிக்கைகளும் சேர வேண்டும். வயதுத் தடையை நீக்கி, அந்த இடத்தில் ஒப்பந்தத்தைச் சோதித்துப் பார்க்கும் அதிகாரியைப் பஞ்சாயத்து அளவில் வைக்க வேண்டும். வீடு ஒரு வேலையிடம் என்று முதலில் நம் நாட்டுச் சட்டமே ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகுதான் அரபு நாட்டாரிடம் அதைக் கேட்கும் தகுதி நமக்கு வரும். கேரளத்தின் குடும்பஸ்ரீ மகளிர் இயக்கம் பெண்களுக்குக் கொத்துவேலை பழக்கி வீடுகள் கட்டச் செய்திருப்பது, கரண்டிக்கு ஆண் பெண் என்ற பேதம் தெரியாது என்பதை நிரூபித்துவிட்டது. சித்தாளாகத் தொடங்கியவள் சித்தாளாகவே முடிய வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இனி இல்லை. வங்காளத்துத் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு நம் பள்ளியின் முன் பெஞ்சில் இடம் இருக்கிறதா என்பதையும் பாறசாலையும் களியக்காவிளையும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். கூலியை உயர்த்துவது அவசியம்; ஆனால் பிறப்பும் பாலும் ஏழைமையும் ஒதுக்கிக் கொடுத்த வேலையிலேயே ஒருவரை நிறுத்திவைத்துக் கூலியை மட்டும் உயர்த்துவது, அய்யன்காளியின் ஜனங்கள் நூறாண்டுக்கு முன்பே போதாதென்று தள்ளிவிட்ட பேரம்.